அறுபதடி

பன்னிரண்டாம் நாள் காலையிலும் அர்த்தநாரி ஸ்டியரிங்கை மஞ்சள் துணியால் துடைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சீட்டில் உட்கார்ந்தார். பாவாயி பார்க்காததுபோல் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் தொட்டுக் கும்பிடும் அந்தச் சக்கரம் எதையும் திருப்பாது என்பது அந்தக் கேரவனில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கேரவனுக்கும் தெரியும். ஆக, இரண்டு பேர்.

“ஏம் பாவாயி, ரைட் சொல்லு. நேரமாவுதில்ல?”

“ரைட், போலாம்,” என்றாள்.

கியர் விழும் சத்தம் கேட்டது. மின்சார வண்டிக்குக் கியர் ஏது? சத்தத்துக்கு மட்டும் ஏற்பாடு. முதல் வளைவில் அர்த்தநாரி இடது பக்கம் ஒடித்தார். வண்டியும் இடது பக்கம் போனது. அவர் ஒடித்ததால் அல்ல, சாலை அங்கே இடது பக்கம் போனதால். அவர் மறந்துபோய் வலது பக்கம் ஒடித்திருந்தாலும் வண்டி இடது பக்கம்தான் போயிருக்கும். சக்கரம் அவர் கைக்குள் லேசாக இறுகிக்கொடுத்து, அவரே சுதாரித்துத் திருத்திக்கொண்டதாக அவரை நம்பவைத்திருக்கும்.

தமிழ்நாட்டில் பஸ் ஏறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கண்டக்டர் ‘ரைட்’ என்றால் வலது பக்கம் என்று அர்த்தமல்ல, வண்டியை எடு என்று அர்த்தம். நிறுத்துவதற்கு ‘ஹோல்டான்’. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு பாவாயியும் அர்த்தநாரியும் பத்தொன்பது வருடம் பிழைத்தார்கள். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பஸ்ஸில் அவர் டிரைவர், அவள் கண்டக்டர். அவளுடையது வேலையில் இருக்கும்போதே செத்துப்போன அப்பாவின் வாரிசு வேலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஒரு நாளைக்கு நான்கு தடவை ஏறி இறங்கினால், பேசாமலே ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளப் பழகிவிடும். அதற்குப் பிறகு கல்யாணம் என்பது வெறும் சடங்கு.

அவர் ஒரு விபத்துகூட இல்லாமல் ஓய்வு பெற்றவர். அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்துக் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு மறதி வந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய சங்கதி நேற்று நடந்த மாதிரி நினைவிருக்கும். நேற்று நடந்தது பாதி நாட்களில் விடியும்போது துடைத்த மாதிரி போய்விடும். எழுபது தாண்டியவர்களுக்கு வைக்கும் பரிசோதனையில் அவரது லைசென்ஸ் ரத்தானது. அந்தக் கடிதத்தைப் பாவாயி அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள். “புதுப்பிச்சாச்சுங்க” என்று சொன்னாள். அன்றைக்குச் சொன்ன பொய்தான், ஒன்றுக்கு மேல் ஒன்றாக வளர்ந்து இன்றைக்கு இமயமலை வரைக்கும் வந்திருக்கிறது.

இந்தப் பயணமும் அவர் ஆசைதான். இருபத்து நாலு வயதில் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியோடு அவர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். பனிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, சித்திரை மாதத்தில் அங்கே மரம் முழுக்கப் பூ, பேருக்கு ஒரு இலை கிடையாது. “உன்னைய ஒருக்கா நானே ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்” என்று கல்யாணமான புதிதில் சொன்னார். எதை மறந்தாலும் இதை மட்டும் அவர் மறக்கவில்லை. ‘நானே ஓட்டி’ என்பதையும்தான்.

மகள் சுகந்திதான் கோயம்புத்தூரில் இந்தக் கேரவனை வாடகைக்கு விடும் அலுவலகத்தைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்த பெண் நல்ல சிரித்த முகம்.

“நாங்க இதை ஆறுதல் சக்கரம்னு சொல்வோம், ஆன்ட்டி. வண்டி தானாத்தான் ஓடும். ஆனா அங்கிளுக்குத் தான் ஓட்டுற மாதிரியே இருக்கும். சக்கரத்துல பாரம் தெரியும், பிரேக் மிதிச்சா அதிர்வு தெரியும். எங்ககிட்ட நெறைய அப்பாங்க இப்படித்தான் சந்தோஷமாப் போயிட்டு வர்றாங்க.”

“அவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா?”

“தெரியாது, ஆன்ட்டி. நீங்க சொன்னாத்தான் தெரியும்.”

வண்டி தனியாகப் பாவாயியோடு பேசுவதற்கு ஒரு காதுக்கருவி கொடுத்தார்கள். அர்த்தநாரியிடம் அது காது கேட்பதற்கு என்று சொல்லியாயிற்று. காகிதத்தில் அவள் பெயருக்கு நேரே ‘காப்பாளர்’ என்று போட்டிருந்தது. வண்டியே ஓட்ட முடியாத நிலை ஆயிரத்தில் ஒரு தடவை வரலாம், அப்போது காப்பாளர் சம்மதித்தால் சக்கரம் நிஜச் சக்கரமாகிவிடும், அந்த நேரத்தில் காப்பாளர் வாயால் சொல்லும் லெஃப்ட், ரைட், ஸ்டாப் ஆகிய மூன்று சொற்களுக்கும் வண்டி உடனே கட்டுப்படும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள். பாவாயி மூன்றையும் அவள் முன்னாலேயே சொல்லிக் காட்டினாள். ‘ரைட்’ என்று சொன்னபோது பாவாயி, சுகந்தி, அந்தப் பெண் என மூன்று பேருக்குமே ஒன்றும் தோன்றவில்லை.

காப்பியில் கசப்பு மாத்திரையைக் கலந்து கொடுப்பது மாதிரிதான் என்று பாவாயி தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு முந்நூறு கிலோமீட்டரு, பாவாயி. தோள்பட்டை விட்டுப்போச்சு” என்று வந்து உட்காரும்போது அவள் மனசு கூசும். எதையும் திருப்பாத சக்கரத்தைத் திருப்பி வந்த வலி அது. இவள் தேங்காயெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். சில நாள் மட்டும், “இன்னைக்கு வேண்டா, வலியில்ல” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். அந்த நாட்களில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

*

சாலை திறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வெட்டி ஒதுக்கிய பனிச்சுவர், அழுக்கும் கரியுமாக. வசந்தகாலம் என்றால் படத்தில் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு, கசிந்து ஒழுகும் இந்த மலை மனசில் ஒட்டவே இல்லை. வானம் சாம்பல் நிறத்தில் கீழே இறங்கி நின்றது. ஊர் இல்லை, எதிர்வண்டி இல்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் நாலா பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்து மணி சுமாருக்கு இடுக்கான ஒரு மலைவெட்டுக்குள் நுழைந்தார்கள். நுழைந்த சிறிது நேரத்தில் பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். பாவாயி பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். கடந்து வந்த வளைவில் பனிச்சுவர் சரிந்து சாலையை மூடியிருந்தது. இன்னும் இருநூறு அடி போனதும் கேரவன் தானாக நின்றது.

முன்னால் சாலை இல்லை. இடது பக்க மலையிலிருந்து உருகிய பனி ஆறாக இறங்கி, சாலையின் குறுக்கே பாய்ந்து, வலது பக்கப் பாதாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அறுபதடி அகலம் இருக்கும். அக்கரையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட சாலைப் பணியாளர் ஒருவர் மண்வெட்டியோடு நின்று, இந்தியில் ஏதோ கத்தினார். அர்த்தநாரிக்கு லாரி இந்தி தெரியும்.

“உச்சி வெயிலு வந்துச்சுன்னா தண்ணி ஏறிப்போகுமாமா. மேல தொங்கற பனியும் எப்ப வேணா உழுகுமாம். வெசையா வந்துருங்கறான்.”

அதே நேரத்தில் பாவாயியின் காதுக்குள் வண்டி பேசியது. எப்போதும் போல மெதுவான, மரியாதையான பெண் குரல்.

“பாவாயி அம்மா, என்னால் இதைக் கடக்க முடியாது. சாரலில் கேமராக்கள் மங்கிவிட்டன. தண்ணீருக்கு அடியில் சாலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. விதிப்படி நான் இங்கேயே நின்று உதவிக்குக் காத்திருக்க வேண்டும். உதவி வர ஒன்பது மணி நேரம் ஆகும்.”

அவள் சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்று முணுமுணுத்தாள். “மேல பனி தொங்குதுங்கறாங்களே?”

“ஆம். அது ஒரு மணி நேரத்துக்குள் விழ வாய்ப்பு அதிகம். நீங்கள் சம்மதித்தால் சக்கரத்தை ஐயாவிடம் ஒப்படைக்கிறேன். அல்லது இருவரும் இறங்கி, மலையோரமாக நடந்தே அக்கரைக்குப் போகலாம். அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான்.”

பாவாயிக்கு நடப்பதுதான் சரியென்று பட்டது. வண்டி போனால் போகட்டும். முன்னால் வந்து சொன்னாள்.

“ஏனுங்க, வண்டிய உட்டுப்போட்டு நாம நடந்து போயர்லாமுங்க. கையைப் புடிச்சுக்கிட்டா போயர்லாம்.”

அர்த்தநாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட வரவில்லை அவருக்கு. சிரித்தார்.

“வண்டிய உட்டுப்போட்டு எறங்குன டிரைவரை எங்கியாச்சும் பாத்திருக்கியா? நீ என்ற கூடத்தானே பத்தொம்பது வருசம் இருந்த?”

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். நீங்கள் டிரைவர் இல்லை, இந்த வண்டியை நீங்கள் ஓட்டவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருப்பார். உடைந்துபோய் இறங்கியிருப்பார், ஆனால் இறங்கியிருப்பார். நடுங்கும் கைகளைப் பார்த்தாள். மேலே தொங்கும் பனியைப் பார்த்தாள். உயிரா அவர் மானமா என்று யாராவது கேட்டிருந்தால் உயிர் என்றுதான் பதில் சொல்லியிருப்பாள். ஆனால் வாய் திறந்தபோது வந்தது வேறு. சமையல் மேடைப் பக்கம் திரும்பி, “சரி, குடுத்துரு” என்றாள் வண்டியிடம்.

சக்கரம் ஒரு தடவை அசைந்து நின்றது. அர்த்தநாரி அதைப் பிடித்து அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

“பாவாயி, எறங்கிப் பாத்து ரைட் குடு.”

கொல்லிமலையில் அடைமழைக் காலத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும்போது இப்படித்தான் செய்வார்கள். கண்டக்டர் இறங்கி, கம்பு ஊன்றி ஆழம் பார்த்து முன்னால் நடக்க வேண்டும். டிரைவர் அவள் கையைப் பார்த்துப் பின்னாலேயே வருவார். பாவாயி துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் முழங்காலை வெட்டியது. குளிர் என்று அதற்குப் பெயர் போதாது. காலை எடுத்துக்கொண்டு போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தாள்.

கட்டையால் தட்டித் தட்டி, கெட்டியான தரை இருக்கும் இடமாகப் பார்த்து, பின்பக்கமாகவே நடந்தாள். கேரவன் தண்ணீருக்குள் இறங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் அர்த்தநாரியின் முகம் தெரிந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. கை நடுக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. இடது சக்கரத்தை மலைப் பக்கம் ஒட்டிப் பிடித்து, அரை அடி அரை அடியாக, தண்ணீரின் போக்குக்கு எதிராக வண்டியைக் கொண்டுவந்தார். இருபதடி தாண்டியாயிற்று. முப்பதடி. பாவாயி பொய்யெல்லாம் மறந்துபோய், இருபது வருடத்துக்கு முந்தைய கண்டக்டராக, கையை உயர்த்திக் கூவினாள்.

“ரைட்! ரைட் ரைட் ரைட், போலாம்!”

காதுக்கருவி அதைக் கேட்டது. காப்பாளரின் ஆணை, அதுவும் நான்கு தடவை. கேரவன் கீழ்ப்படிந்து வலது பக்கம் திரும்பியது.

பாதாளம் இருந்த பக்கம் அது. அர்த்தநாரியின் கைக்குள் சக்கரம் தானாகச் சுழல்வதையும், அவர் முழு உடம்பையும் போட்டு அதை இழுத்துப் பிடிப்பதையும் பாவாயி பார்த்தாள். ஸ்டாப் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த சொல் அதுதான். ஆனால் உயிர் போகிற நேரத்தில் மனுஷிக்கு வருவது பழகிய சொல்தானே.

“ஹோல்டான்! ஹோல்டான்!”

வண்டிக்கு அந்தச் சொல் தெரியாது. அவருக்குத் தெரியும். பிரேக்கின் மேல் ஏறி நின்றுவிட்டார். முன் வலது சக்கரம் சாலை விளிம்பைத் தாண்டிப் பாதி காற்றில் நிற்க, பம்பர் பாறையில் கீச்சிட்டு உரசிக்கொண்டு, கேரவன் நின்றது.

பாவாயி காதுக்கருவியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள். பிறகு கையை மட்டும் காட்டினாள். பின்னால். இன்னும் பின்னால். இடது. இப்போது நேர். அர்த்தநாரி பின்னால் எடுத்து, நேராக்கி, மீதி முப்பதடியையும் ஓட்டி அக்கரை ஏறினார். மண்வெட்டிக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அவர்கள் வளைவு தாண்டிய கொஞ்ச நேரத்தில், பின்னால் பனி விழுந்த சத்தம் கேட்டது.

*

பாவாயி ஈரச் சேலையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மலைவெட்டு முடிந்து வானம் திறந்ததும் சக்கரத்தில் ஏதோ கழன்ற மாதிரி ஒரு சின்ன அசைவு. வண்டி பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது.

“லேசாயிருச்சே,” என்றார் அர்த்தநாரி.

பிறகு இரண்டு கைகளையும் சக்கரத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வளைவு வந்தது. சக்கரம் தானாகத் திரும்பியது. இன்னொரு வளைவு. மறுபடி திரும்பியது. கியர் விழும் சத்தம்கூட ஒழுங்காகக் கேட்டது.

“தண்ணிக்குள்ள மட்டுந்தான் கனமா இருந்துச்சு,” என்றார். “அப்ப, நாமக்கல்லுல இருந்து இங்க வரைக்கும்... அந்த அறுபதடிதான் நான் ஓட்டுனனா, பாவாயி?”

அவளுக்கு அழுகைதான் வந்தது. அழுகையே பதிலாகிவிட்டது.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

தலையை ஆட்டினாள்.

“சுகந்திக்கு?”

“அவதானுங்க ஏற்பாடு பண்ணுனா.”

“லைசென்ஸு?”

“ரத்தாகி ரெண்டு வருசமாச்சுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரலீங்க. என்னையத் திட்டிப்போடுங்க, ரெண்டு அடி வேணாலும் அடிங்க, இப்பிடிச் சும்மா மட்டும் இருக்காதீங்க.”

அவர் திட்டவில்லை. ஓடும் வண்டியில் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்துபோய், கதவோரம் இருந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்தார். பஸ்ஸில் அது கண்டக்டர் உட்காரும் இடம். டிரைவர் சீட்டில் யாரும் இல்லாமல் கேரவன் நாற்பது கிலோமீட்டர் போனது. அந்த நாற்பது கிலோமீட்டரும் பாவாயி காலிச் சீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஒரு சமவெளியில் நின்றார்கள். மேகம் முற்றிலும் இறங்கி, பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அவள் ரசம் வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டார். எண்ணெய் காய்ச்சட்டுமா என்று கேட்டாள்.

“இன்னைக்கு வேண்டா, வலியில்ல,” என்றார். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு, “நீ அழுவாத. உன்ற மேல தப்பில்ல” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெளிச்சம் இன்னும் போகவில்லை. பாவாயி சமையல் மேடைக்கு மேலிருந்த சின்ன ஒலிபெருக்கிக்குக் கிட்டே வாயை வைத்தாள். கேட்கக் கூடாததைக் கேட்கப்போகிறோம் என்று தெரிந்துதான் கேட்டாள். கட்டிய புருஷனின் வியாதி ஒரு ராத்திரியில் இன்னும் கொஞ்சம் முற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறவளை என்னவென்று சொல்வது?

“நாளைக்குக் காலைல இவருக்கு இது மறந்துபோயிருமா?”

“மறந்துவிடலாம், அம்மா. இதற்கு முன் நான்கு முறை மறந்திருக்கிறார்.”

“என்ன சொல்ற நீ?”

குரல் சற்றுத் தயங்கியது. தயங்கும்படி அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ.

“ஐயா இதை ஐந்தாவது முறையாகக் கண்டுபிடித்திருக்கிறார். முதல் முறை நாக்பூரில். வண்டி ஓடும்போது பின்னால் நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். கையை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். நேரடியாகக் கேட்டால் நான் பொய் சொல்லக் கூடாது. பிறகு ஜான்சியில், அம்பாலாவில், நேற்று முன்தினம் மணாலிக்கு முன்னால். ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் கண்டுபிடித்தார்.”

நாக்பூர். ஜான்சி. தோள் வலி இல்லை என்று அவர் சொன்ன நாட்களைப் பாவாயி மனசுக்குள் எண்ணினாள். நான்குதான். அந்த நான்கு நாளும்தான் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

“எங்கிட்ட ஏன் சொல்லல நீ?”

“சொல்ல வேண்டாம் என்று ஐயா கேட்டுக்கொண்டார். நான்கு முறையும் ஏறக்குறைய அதே வார்த்தைகள். அவர் பேசியதை அப்படியே சொல்லட்டுமா?”

“சொல்லு.”

வண்டி தன் குரலில், அவர் சொற்களைச் சொன்னது. “அவகிட்டச் சொல்லிப்போடாதம்மா. நான் ஓட்டறேன்னு நம்பித்தான் இத்தனை தூரம் ஏறி உக்காந்து வந்திருக்கா. தெரிஞ்சா தாங்க மாட்டா.”

பாவாயி ஒலிபெருக்கியைக் கையால் பொத்தினாள். இனி அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றாலும் பொத்திக்கொண்டே நின்றாள். நான்கு தடவை இந்த மனுஷன் தனியாக உடைந்திருக்கிறார். நான்கு தடவையும் தன்னைப் பற்றி அல்ல, அவளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். அவள் நம்புகிறாள் என்ற ஒன்று மட்டும் அவருக்கு மிச்சம் இருந்தது. இன்றைக்கு அதையும் அவள் எடுத்துவிட்டாள்.

*

காலையில் மேகம் விலகியிருந்தது. பாவாயி கண் விழித்தபோது அர்த்தநாரி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தார்.

“பாவாயி! எந்திரிச்சு வா. நான் சொன்னனா இல்லியா?”

கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஆப்ரிகாட் மரங்கள். வெள்ளையும் ரோஸுமாகப் பூ, பேருக்கு ஒரு இலை கிடையாது. நேற்று அந்த மேகத்துக்குள் அவர்கள் வந்து நின்றது இதன் விளிம்பில்தான். அவர் அன்றைக்குச் சொன்னது ஒன்றும் மிகையில்லை. அவள் பூவைப் பார்த்ததைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். அந்த முகத்தில் நேற்று இல்லை.

இறங்கி வண்டியை ஒரு சுற்று வந்தார். முன் பம்பரில் நீளமாக ஒரு கீறல். குனிந்து விரலால் தடவினார்.

“இது எப்பிடி ஆச்சு? நான் எங்கியும் உரசலியே.”

“அது என்ற தப்புங்க,” என்றாள் பாவாயி.

“நீ என்ன பண்ணுன?”

“தப்பா ரைட் குடுத்துட்டனுங்க.”

அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “கண்டக்டர் தப்பா ரைட் குடுத்தாலும் டிரைவர் பாத்துக்கோணும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஒரு கீறல்தானே? ஆரு ஓட்டுனது?”

“நீங்கதானுங்க.”

சொல்லும்போது குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். அறுபதடி அளவுக்கு அது பொய்யும் இல்லை. ஆனால் இன்றைக்கோ நாளைக்கோ, அவள் துணி துவைக்கும்போதோ குளிக்கும்போதோ, அவர் மறுபடி கையை எடுத்துப் பார்ப்பார். மறுபடி புதிதாக உடைவார். மறுபடி அவளிடம் மறைப்பார். அவரைத் தடுக்க அவளால் முடியாது. இனிமேல் எண்ணெய் வேண்டாம் என்று அவர் சொல்லும் சாயங்காலங்களில், அவளும் தெரியாதவள் மாதிரி விளக்கை அணைக்க வேண்டும். நாலு தடவை அவர் தனியாகச் சுமந்தார். அடுத்த தடவை இரண்டு பேரும் சுமப்பார்கள், தனித்தனியாக, ஒரே வண்டியில்.

அர்த்தநாரி மஞ்சள் துணியை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, அதில் பின்னால் நிற்கும் அவளைப் பார்த்தார்.

“ரைட் சொல்லு, பாவாயி.”

அவள் கதவைச் சாத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ரைட்.”

கேரவன் நகரவில்லை. சமையல் மேடைக்கு மேலிருந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாக ஒரு குரல் வந்தது. நேற்று நடந்த தப்பு அதற்கு மறக்கவில்லை.

“பாவாயி அம்மா, வலது பக்கம் திரும்பச் சொல்கிறீர்களா?”

“இல்ல,” என்றாள் அவள். “போலாம்னு அர்த்தம்.”